நினைவகத்தில் குடியிருக்கும் லினக்ஸ்

நன்றாக ஓடுகின்ற கணினியைப் பழையது என்று ஒதுக்குவதற்கு இரு காரணங்கள் உண்டு. வன்தட்டு தளர்ந்து ஒவ்வொரு செயலுக்கும் நம்மைக் காக்க வைத்தல் ஒன்று. இயங்குதளத்தை ஆக்கியோர் தம் ஆதரவை நிறுத்திவிடுதல் மற்றொன்று. விண்டோஸ் 10க்கு வழங்கப்பட்டுவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நின்றன. விண்டோஸ் 11ஐ ஏற்கும் தகுதியோ பல பழைய பொறிகளுக்கு இல்லை. அவற்றுள் சிலவற்றையேனும், வன்தட்டைத் தொடாமலே இயக்கும் வழி ஒன்று உண்டு. தம்ப் டிரைவ் என்று நாம் வழங்கும் விரலி ஒன்றே அதற்குப் போதும்.

அஃது எங்ஙனம் இயலும்? வகுப்பறையை எண்ணிப் பார்ப்போம். வன்தட்டு நூல் அடுக்கிய அலமாரி. ரேம் எனப்படும் நினைவகம் கரும்பலகை. அலமாரியில் தேடி எடுக்க நேரமாகும். பலகையில் எழுதியதோ கண்முன் நிற்கும். ஆயினும் மணியடித்தால் பலகை துடைக்கப்படும். மின்சாரம் நின்றால் நினைவகமும் அவ்வாறே வெறுமையாகும். வழக்கமான இயங்குதளம் அலமாரிக்கு ஓடியோடி வேண்டிய பக்கத்தைக் கொணர்கின்றது. பப்பி லினக்ஸ் போன்றவை நூல் முழுவதையும் தொடக்கத்திலேயே பலகைக்கு மாற்றிவிடுகின்றன.

பப்பி லினக்ஸை ஆஸ்திரேலியராகிய பாரி கௌலர் 2003 ஜூனில் வெளியிட்டார். அவர் வளர்த்த நாயே அதன் சின்னமாயிற்று. 2020இல் வந்த ஃபோசாபப் 9.5 என்னும் பதிப்பு ஏறத்தாழ 400 மெகாபைட் அளவினது. எழுதவும், படம் பார்க்கவும், இணையத்தில் உலாவவும் வேண்டிய கருவிகள் அதற்குள்ளேயே அடங்கியுள்ளன. எனினும், இக்காலத்து இணைய உலாவி இயங்குதளத்தைக் காட்டிலும் பெருந்தீனிக்காரன். ஆதலின் 2 கிகாபைட் நினைவகமேனும் இருத்தல் நலம்.

கணினியைத் திறக்கும்பொழுது F12 அல்லது அதனையொத்த விசையை அழுத்தி, விரலியிலிருந்து தொடங்குமாறு பணித்தல் வேண்டும். எவ்விசை என்பது பொறிக்குப் பொறி மாறும். இறுக்கிச் சுருக்கிய பெருங்கோப்பு ஒன்று விரலியிலிருந்து நினைவகத்திற்கு ஏறும். அக்கோப்பு மாற்றவொண்ணாதது. நாம் செய்யும் மாற்றங்கள் அனைத்தும் அதன்மேல் விரித்த வேறொரு படையில் பதிகின்றன. நிலப்படத்தின்மேல் எண்ணெய்த்தாளை விரித்து மாணவன் கோடிழுப்பதை ஒக்கும் இது. கோடுகள் தாளில் விழும், படம் மாசுறாது. மாணவர் எதைக் குலைத்தாலும், அம்மாற்றங்களைச் சேமிக்காதவரை, மீண்டும் தொடங்கினால் பழைய தூய நிலை திரும்பிவிடும்.

இந்த நன்மையே தீமையாகவும் முடியும். தேர்வு வினாத்தாள் ஒன்றை யான் இரண்டு மணி நேரம் தட்டச்சு செய்தேன். இடையிடையே ‘சேமி’ என்பதையும் அழுத்தினேன். மடிக்கணினியின் மின்கலம் செத்தது. மின்கம்பியைப் பிறர் கால் தட்டிவிட்டது. வினாத்தாள் போயிற்று. காரணம் யாது? யான் சேமித்த இடமும் நினைவகமே! விரலியில் எழுதும் தடவைகளுக்கு ஓர் எல்லை உண்டு. அதன் ஆயுளைக் காக்கவே பப்பி மாற்றங்களை நினைவகத்தில் வைத்திருந்து, 30 நிமிடத்திற்கு ஒருமுறையும் கணினியை நிறுத்தும்பொழுதும் விரலியிலுள்ள சேமிப்புக் கோப்பிற்கு மாற்றுகின்றது. அந்த இடைவேளைப் பதிவு வேலையைத் தாமதப்படுத்துகின்றதென்று யானே அதனை நிறுத்தி வைத்திருந்தேன். முகப்புத் திரையிலும் ‘சேவ்’ என்றொரு படவுரு உண்டு. அதனை அழுத்தியிருந்தால் பிழைத்திருப்பேன். இப்பொழுதெல்லாம் ஆவணங்களை அப்படையில் விடாது, விரலியிலேயே தனிக் கோப்புறை ஒன்றில் நேரே எழுதிவிடுகின்றேன்.

முதன்முறை கணினியை நிறுத்தும்பொழுது, சேமிப்புக் கோப்பை உருவாக்கலாமா என்று பப்பி கேட்கும். தமிழர்க்கு இது மிகவும் வேண்டுவது. சிறுமையை நாடிய பல பதிப்புகளில் தமிழ் எழுத்துரு இல்லை. தமிழ் இருக்கவேண்டிய இடத்தில் வெறுங்கட்டங்களே தோன்றும். லோகித் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை இலவசமாகக் கிடைப்பன. அவற்றுள் ஒன்றை எழுத்துருக் கோப்புறையில் இட்டுச் சேமித்துவிட்டால் மறுநாளும் இருக்கும். சேமியாவிடின் நாள்தோறும் இட நேரும்.

விண்டோஸ் தொடங்க மறுக்கும் கணினியிலிருந்து பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலை மீட்கவும் இவ்விரலி உதவும். வன்தட்டிலுள்ள கோப்புகளைப் பப்பி கடவுச்சொல் கேளாமலே திறந்து காட்டும். ஆம், அந்தப் பட்டியலை வேறெவரும் அவ்வாறே திறக்கலாம். மறையாக்கம் செய்யாத கோப்பிற்கு விண்டோஸின் கடவுச்சொல் காவலாகாது. ஆதலால் தேர்வுத்தாளும் மதிப்பெண்களும் வைத்துள்ள வன்தட்டை முதலில் மறையாக்கம் செய்துவிட்டு, அதன் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வேறிடத்தில் வைத்தல் வேண்டும்.