செல்லுக்கு யார் ஊட்டுவது?

ஒரு பை ரத்தம் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று மூன்றாகப் பிரிகிறது. இவற்றில் தட்டணுவுக்கு ஆயுள் ஐந்தே நாள். 22 டிகிரியில், இடைவிடாமல் ஆட்டிக்கொண்டே வைத்திருந்தாலும் ஆறாம் நாள் அதை நோயாளிக்கு ஏற்றக் கூடாது. கழிவில்தான் போட வேண்டும். தாம்பரத்திலிருந்து தெற்கே சில ஸ்டேஷன் தாண்டினால் பொத்தேரி, வடக்கே கிண்டி, தரமணி. இந்த வட்டாரத்து ஆய்வுக்கூடங்களில் செல் வளர்ப்பவர்கள் அதற்கு ஊட்டப் பெரும்பாலும் நம்புவது மாட்டுக் கருவின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் தெளியும் நீரை. அரை லிட்டர் பாட்டிலுக்குப் பல ஆயிரம் ரூபாய். இங்கேயே கழிவாகும் மனித ரத்தப் பொருளைக் கொண்டு இந்தத் தேவையில் ஒரு பகுதியையாவது நிறைவேற்ற வேண்டும் என்பது என் வாதம்.

இது புது யோசனை அல்ல. 1951-ல் ஜார்ஜ் கை என்ற ஆய்வாளர் ஹீலா எனும் மனிதச் செல்களை வளர்த்தபோது, அவர் ஊட்டிய கலவையில் மனிதத் தொப்புள்கொடி ரத்தத்தின் சீரமும் இருந்தது. 1958 வாக்கில் தியோடர் பக் என்ற ஆய்வாளர் கன்றுக்கருச் சீரத்தைப் பயன்படுத்திக் காட்டிய பிறகு உலகமே அந்தப் பக்கம் சாய்ந்தது. சினைப்பசுவை வெட்டும்போது, வயிற்றிலிருக்கும் கருவின் இதயத்தில் ஊசி குத்தி எடுக்கும் ரத்தத்தின் சீரம் அது. எதிர்ப்புப் பொருள் குறைவு, வளர்ச்சிக் காரணிகள் அதிகம் என்பதால் செல்கள் செழித்தன. அதே செல்களை நோயாளியின் உடலுக்குள் வைக்கும்போதுதான் சிக்கல்: மாட்டுப் புரதமும் கூடவே போய்விடுகிறது. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை இதற்கு வழி கண்டது. சுண்ணாம்பு போன்றவை பட்டு வெந்த கண்களுக்காக 2001 முதல் செல் வளர்த்த அந்தக் குழு, விலங்குச் சீரத்தை ஒதுக்கி, நோயாளியின் சொந்தச் சீரத்திலேயே வளர்க்கும் முறையை உருவாக்கியது.

சீரம் எடுப்பது கேட்க எளிது, செய்ய நிதானம் வேண்டும். உறைதடுப்பான் சேர்க்காத குழாயில் ரத்தத்தை அரை மணி முதல் ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்தால் கட்டி சுருங்கி விலகும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் மேலே வைக்கோல் நிறத்தில் நீர் தெளியும். இளஞ்சிவப்பு ஏறியிருந்தால் அணுக்கள் உடைந்திருக்கின்றன, அது ஆகாது. தெளிந்ததை 56 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் 30 நிமிடம் வைத்தால் செல்லைத் துளைக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் செயலிழக்கும். சூடு மிஞ்சினால் சீரமே கூழாகும். பிறகு 0.22 மைக்ரான் வடிகட்டி, சின்னச் சின்னக் குப்பிகள், மைனஸ் 20 டிகிரி. ஒரு குப்பியை ஒருமுறைதான் உருக்க வேண்டும். ஏ, பி எதிர்ப்புப் பொருள்கள் இல்லாததால் ஏபி வகை ரத்தத்துக்குத்தான் மதிப்பு.

தொற்று பற்றிய பயம் நியாயமானது. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா என்று ஐந்து சோதனைகள் கட்டாயமாக இருந்தும், தொற்றிய புதிதில் எடுத்த ரத்தம் அவற்றுக்குத் தப்பலாம். ஆகவே சோதனையில் தேறிய பையையும் தொற்றுள்ள பையாகவே பாவித்துக் கையாள வேண்டும். மாட்டுச் சீரத்திலும் வைரஸ் இருக்கக்கூடும். ஆளுக்கு ஆள் சீரம் மாறும் என்பார்கள். மாட்டுச் சீரமும் தொகுதிக்குத் தொகுதி மாறுகிறது. பலருடையதைக் கலந்தால் வேறுபாடு குறையும். பல பத்தாண்டுகளாக மாட்டுச் சீரத்திலேயே அளந்து ஒப்பிட்டுவரும் பழைய செல் வகைகளை அப்படியே விடலாம், அவசரமில்லை.

கனமான கேள்வி வேறு: நோயாளிக்கே ரத்தம் தட்டுப்பாடாக இருக்கும்போது ஆய்வுக்கூடத்துக்கு ஏன்? நல்ல ரத்தத்தைத் தொட வேண்டாம் என்பதே என் பதிலும். காலாவதியான தட்டணுப் பையை உறையவைத்து உருக்கினால் தட்டணுக்கள் வெடித்து, உள்ளிருக்கும் வளர்ச்சிக் காரணிகள் வெளியே வரும். அந்தச் சாறு, பிளாஸ்மா கட்டியாகாமல் இருக்கக் கொஞ்சம் ஹெப்பாரினுடன், சீரத்தின் இடத்தை நிரப்புகிறது; எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்கள் அதில் நன்றாகவே பெருகுகின்றன. ஆனால் கொடையாளியின் சம்மதம் வேண்டும், காசு கைமாறக் கூடாது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பையடுத்து 1998 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் ரத்த விற்பனைக்குத் தடை இருக்கிறது. அந்தக் கதவை ஆய்வின் பெயரால் திறந்துவிடக் கூடாது.

குரோம்பேட்டையிலோ சேலையூரிலோ அடுத்த ரத்ததான முகாமில் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன், பயன்படாமல் போகும் தட்டணு எங்கே போகிறது என்று கேளுங்கள். அது ஆய்வுக்குப் போவதில் உங்களுக்குச் சம்மதம் என்றால் அதையும் எழுதிக் கொடுங்கள்.