கணினி திடீரென்று திணறினால், உள்ளே நடந்தது எப்படித் தெரிகிறது?

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினி ஒரு க்ஷணம் ஸ்தம்பித்து, மறுக்ஷணமே ஒன்றும் அறியாததுபோல் காரியத்தைத் தொடர்கிறதே, அந்த இடைவெளியில் நேர்ந்ததை யார் பார்த்தார்கள்?

சகல காரியங்களையும் நிர்வகிக்கும் 'கெர்னல்' என்ற மையநிரலே அதைக் குறித்து வைக்கிறது. ஆனால் விநாடிக்கு லட்சக்கணக்கான நிகழ்ச்சிகள் நடக்குமிடத்தில், ஒவ்வொன்றையும் டிஸ்கில் எழுதப் புகுந்தால், அந்தச் சிரமமே வேலையைக் கெடுத்துவிடும் அல்லவா?

கூட்டம் நெரியும் மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பேரேட்டைத் திறக்க அவகாசமில்லாத சிப்பந்திகள், அவரவர் சிலேட்டில் நேரத்தையும் சரக்கையும் குறித்துக்கொண்டே போய், இடம் தீர்ந்ததும் மிகப் பழைய வரியை அழித்து எழுதுவார்கள். பேரேட்டில் ஏற்றுவது பிற்பாடு. லினக்ஸ் இயங்குதளத்தில் 2008-இல் சேர்ந்த 'எஃப்டிரேஸ்' என்ற சாதனமும், ஒவ்வொரு சிபியுவுக்கும் நினைவகத்தில் தனிச் சிலேட்டு கொடுத்திருப்பதால், ஒன்று எழுதி முடிக்க மற்றொன்று காத்திருப்பதில்லை.

எழுதாத வேளையில் செலவு உண்டா? அநேகமாக இல்லை. இன்டெல் வகைக் கணினிகளில், கெர்னலின் பெரும்பாலான செயற்கூறுகளின் வாயிலில், ஒன்றும் செய்யாத 5 பைட் ஆணை ஒன்று கிடக்கிறது; நிபுணர் கட்டளையிட்டதும், கெர்னல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அது குறிப்பெழுத அழைக்கும் ஆணையாக மாறுகிறது.

அடுத்தடுத்த இரு வரிகளின் நேரத்தைக் கழித்துப் பார்த்தால், தாமதம் எங்கே நேர்ந்தது என்பது மைக்ரோ விநாடிக் கணக்கில் புலனாகும்.

நீங்கள் லினக்ஸ் உபயோகிப்பவராயின், நிர்வாகி உரிமையுடன் 'டிமெஸ்க்' (dmesg) என்ற கட்டளையைத் தட்டிப் பாருங்கள். எஃப்டிரேஸின் சிலேட்டு அல்லாவிட்டாலும், கெர்னல் எழுதிய வேறு குறிப்புகளை நீங்களே வாசிக்கலாம்.