லிட்டருக்குப் பதினோரு பைசா

1971. வங்கதேசப் போருக்குத் தப்பிய அகதிகள் லட்சக்கணக்கில் மேற்கு வங்காளத்துக்குள் வந்துகொண்டிருந்தார்கள். எல்லையோர ஊரான பன்கானின் மருத்துவமனையில் காலரா நோயாளிகளுக்கு இருந்தவை இரண்டே அறைகள், 16 கட்டில்கள். மற்றவர்கள் தரையில் கிடந்தார்கள். பேதியில் வற்றிய உடம்புக்கு டிரிப்ஸ் ஏற்றுவதுதான் வழக்கமான வைத்தியம். அந்த பாட்டில்களோ தீர்ந்துகொண்டிருந்தன.

அங்கிருந்த டாக்டர் திலீப் மகலனாபிஸ், உப்பும் குளுக்கோஸும் கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கத் துணிந்தார்.

துணிச்சலுக்கு ஆதாரம் இருந்தது. குடல் சுவரின் செல்களுக்குள் குளுக்கோஸும் சோடியமும் ஜோடி சேர்ந்தே நுழைகின்றன என்று 1960-இல் விளக்கியவர் அமெரிக்க உயிர்வேதியியலர் ராபர்ட் கிரேன். காலரா நஞ்சு குடலிலிருந்து நீரைக் கொட்டவைக்கும்; ஆனால் இந்த ஜோடிக் கதவை அது மூடுவதில்லை. உப்பும் சர்க்கரையும் உள்ளே போனால் தண்ணீரும் கூடவே போகும்.

1968-இல் டாக்காவில் டேவிட் நளின், ரிச்சர்ட் கேஷ் என்ற இளம் மருத்துவர்கள் இதை நோயாளிகளிடம் சோதித்தார்கள். டிரிப்ஸ் தேவை சுமார் 80 சதவீதம் குறைந்தது. ஆனால் அது மருத்துவர்கள் பக்கத்திலிருந்து அளந்து கொடுத்த வைத்தியம். படிக்காத ஜனங்கள் கையில் கொடுத்தால் பலிக்குமா?

பன்கான் பதில் சொன்னது. லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் ஆப்ப சோடா. கல்கத்தாவில் ஒரு நூலக அறையில் எடைபோட்டு, பாலிதீன் பையில் இட்டு, இஸ்திரிப் பெட்டியால் வாய் ஒட்டினார்கள். அகதி முகாமில் டிரம்களில் கரைத்தார்கள். குவளையில் பிடித்துப் புகட்டியவர்கள் தாய்மார்களும் உறவினர்களும். மூலப்பொருள் செலவு லிட்டருக்கு 11 பைசா. சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 3.6 சதவீதமாக இறங்கியது.

1980 முதல் பத்தாண்டுகளில் ‘பிராக்’ தொண்டு நிறுவனத்தின் பெண்கள் வங்கதேசத்தில் 1.2 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள். ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர்: கற்றுக்கொடுத்த பாடம் அவ்வளவுதான். மகலனாபிஸ் 2022-இல் மறைந்தார். மறு ஆண்டு பத்ம விபூஷண் வந்தது.

கிரேன் கண்டது கதவை. அதைத் திறந்தது குவளை பிடித்த கை. மக்களை நம்பியிராவிட்டால் ஆய்வக உண்மை ஏட்டோடு நின்றிருக்கும்.

இந்த உப்பு-சர்க்கரைக் கலவைதான் ஓ.ஆர்.எஸ்.; வீட்டில் அதில் இரண்டு பொட்டலம் இருக்கட்டும். உறையில் சொன்ன அளவுத் தண்ணீரில் முழுவதையும் கரையுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். பிள்ளை சோர்ந்து துவண்டாலோ, குடிக்கவே முடியாமல் போனாலோ, உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.