கோசுமெல் துறையில் தனியே உலவுதல்

கடல் கடந்து சென்று பிறநாடு காண்டல் அறிவினை விரிவாக்கும் என்பதனை மறுப்பார் எவருமிலர். முற்காலத்தில் பெருஞ்செல்வர்க்கே உரியதாயிருந்த இப்பேறு, இந்நாளில் உல்லாசக் கப்பல்களின் வாயிலாக நடுத்தர வாழ்வினர் பலர்க்கும் எட்டுவதாயிற்று. அமெரிக்க நாட்டிற் படிக்கவும் பணிபுரியவும் சென்றுள்ள நம்மவர் பலர், விடுமுறை நாட்களில் புளோரிடாவிலிருந்தும் டெக்சாஸிலிருந்தும் புறப்படும் கப்பல்களில் ஏறி மெக்சிகோ நாட்டுத் துறைகளைக் கண்டு வருகின்றனர். அத்துறைகளுள் ஒன்றாகிய கோசுமெலில், வழிகாட்டியும் குழுவுமின்றித் தனியே கரையிறங்குவோர் தம்மைக் காத்துக்கொள்ளும் முறையை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

மெக்சிகோ என்ற பெயரைக் கேட்டவுடன் கொள்ளையரையும் கொலைஞரையும் எண்ணி, கப்பலினின்று இறங்காமலே நாளைக் கழிப்பார் சிலர். கப்பற்றுறை விளையாட்டுக் களமே என்றெண்ணி, யாதொரு முன்னெண்ணமுமின்றிப் புறப்படுவார் வேறு சிலர். இவ்விரு திறத்தாரும் தவறினவரே. அந்நாட்டின் சில மாநிலங்களில் கொடிய குற்றக் கூட்டங்கள் உண்டென்பது மெய்யே. ஆயினும் அப்பெருநாடு முழுவதும் ஒருதன்மைத்தன்று. வடமேற்கிலுள்ள சினலோவாவிற்கும் கோசுமெலுக்கும் இடையே ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தொலைவு உண்டு. ஓரிடத்துச் செய்தியைக் கொண்டு மற்றோரிடத்தை அளத்தல் அறிவுடைமையாகாது. பகற்பொழுதில் கோசுமெலிற் சில மணி நேரம் தங்கும் பிரயாணி அஞ்சத்தக்கவை வேறு. அவை காலம், சாலை, கடல், பணம் என்னும் நான்குமாம். இவை எளியவை போலத் தோன்றுதலின் எவரும் இவற்றிற்கு அஞ்சுவதில்லை; அஞ்சாமையாலேயே இவை தீங்கு பயக்கின்றன.

தனியே செல்வோர்க்கு இந்நான்கும் பின்னும் கடியவாதற்கு ஒரு காரணம் உண்டு. பலராகச் சென்றாருள் ஒருவர் வாராதொழியின், மற்றையோர் உடனே அறிந்து தேடத் தொடங்குவர். தனியே சென்றவர் வாராமை, கப்பலில் ஏறினோரைக் கணக்கெடுக்கும் கடைசி வேளையிலேதான் வெளிப்படும். ஆதலின் அவர் இழந்திருப்பது பேச்சுத்துணை மட்டுமன்று. தம்மைத் தேடுவாரையும் அவர் இழந்தவராவர். அக்குறையை முன்னரே நிரப்பிக்கொள்ளுதலே தனிச்செல்வோரின் பாதுகாப்பிற்கு அடிப்படை என்பது எம் கருத்து.

இனி அவ்விடத்தின் இயல்பை அறிவோம். யூகாட்டான் தீபகற்பத்தின் கீழைக்கரைக்கு அப்பால், கரிபியன் கடலில் அமைந்தது கோசுமெல் தீவு. ஏறத்தாழ 48 கிலோமீட்டர் நீளமும் 16 கிலோமீட்டர் அகலமும் உடையது. தகைவிலான் குருவிகளின் தீவு எனப் பொருள்படும் மாயர் மொழிச் சொல்லினின்று இப்பெயர் பிறந்தது. இக்செல் என்னும் பெண்தெய்வத்தை வழிபடுதற்கு மாயர் குலப் பெண்டிர் தோணியேறிக் கடற்காலைக் கடந்து இங்கு வந்தனர். அவ்வழிபாட்டிடத்தின் இடிபாடுகளைத் தீவின் நடுவே சான் ஹெர்வாசியோவில் இன்றுங் காணலாம். 1518ஆம் ஆண்டில் ஹுவான் தெ கிரிஹால்வாவும், 1519ஆம் ஆண்டில் எர்னான் கோர்த்தெஸும் தத்தம் கப்பல்களுடன் இத்தீவில் வந்திறங்கினர். இந்நாளில், உலகில் உல்லாசக் கப்பல்கள் மிகுதியாக வந்து தங்கும் துறைகளுள் இஃது ஒன்று.

மேலைக்கரையில் உள்ள சான் மிகெல் என்பதே இத்தீவின் ஊர். கப்பல்கள் வந்து நிற்கும் துறைமேடைகள் மூன்று. புந்தா லாங்கோஸ்தா என்பது ஊரின் நடுவே உள்ளது. பன்னாட்டு மேடையும் புவெர்த்தா மாயா என்பதும் ஊருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி உள்ளன. ஒரே நாளில் பல கப்பல்கள் வந்து நிற்றலின், ‘கப்பலுக்குப் போ’ என்றால் வண்டியோட்டிக்கு ஒன்றும் விளங்காது. ஆகவே இறங்கியவுடன் செய்யத்தக்க முதற்செயல், தம் கப்பல் நிற்கும் மேடையின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுதலாம்.

நான்கனுள் முதலாவது காலம். கோசுமெல் அடங்கிய கின்டானா ரோ மாநிலம், 2015ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் உலகப் பொதுநேரத்திற்கு 5 மணி பிந்திய நேரத்தை ஆண்டு முழுவதும் மாற்றமின்றிக் கைக்கொள்கின்றது. புளோரிடாவிலோ கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைப்பர். எனவே கோடையில் மயாமியிலிருந்து வரும் கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாதிருப்பின், கப்பலில் 4 மணி ஆகும்பொழுது தீவில் 3 மணியே ஆகும். கைப்பேசியோ கரை சேர்ந்தவுடன் தானாகவே தீவின் நேரத்தைக் காட்டும். அதனை நம்பியவர் இன்னும் ஒரு மணி இருக்கின்றதென்று கடைவீதியில் நிற்க, கப்பல் நங்கூரம் எடுத்திருக்கும். குளிர்காலத்தில் டெக்சாஸின் கால்வெஸ்டனிலிருந்து வருவார்க்கு இது தலைகீழாகும். தீவின் நேரம் ஒரு மணி முந்தி நிற்றலின், விரைந்து திரும்பும் வருத்தமேயன்றி வேறு கேடில்லை. இக்குழப்பத்திற்கு மருந்து எளிது. கப்பலின் நேரத்திற்குப் பொருத்திய சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு, அதனையன்றி வேறெதனையும் பாராதிருத்தல் வேண்டும்.

புறப்படும் நேரம் வேறு. ஏறவேண்டிய நேரம் வேறு. பெரும்பாலும் அரைமணி முன்னரே அனைவரும் ஏறிவிடல் வேண்டுமென்று விதிப்பர். கப்பலார் தாமே நடத்தும் சுற்றுலாவிற் சென்றார் தாமதித்தால் கப்பல் அவர்க்காகக் காத்து நிற்பதுண்டு. தனியே சென்றவர்க்காக நில்லாது. ஆதலின் தொலைவிடங்களை முற்பகலிலே கண்டு, இறுதி இரண்டு மணியைத் துறைமேடைக்கு அண்மையிற் கழித்தல் நலம். எதிர்க்கரையிலுள்ள பிளாயா டெல் கார்மெனுக்குச் செல்லும் படகு ஏறத்தாழ முக்கால் மணியிற் கொண்டு சேர்க்கும். அங்கிருந்து 60 கிலோமீட்டருக்கு அப்பால் துலும் என்னும் மாயர் நகரம் உள்ளது. காட்சி சிறந்ததே. ஆயினும் குளிர்காலத்தில் வடகாற்று வீசுங்கால், துறையதிகாரிகள் படகுப் போக்குவரத்தை நிறுத்திவிடுதல் உண்டு. ஒரு நாளே உடையவர் தமக்கும் தம் கப்பலுக்கும் இடையே கடலை வைத்தல் தகாது.

இரண்டாவது சாலை. அயல்நாடு செல்வோர் விபத்தால் மடிதற்குரிய தலையாய காரணங்களுள் வாகனமும் நீரும் அடங்கும். நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்புறம் செல்வன. மெக்சிகோவில் வலப்புறம் செல்வன. சாலையைக் கடக்குங்கால் நம் கண் பழக்கத்தால் முதலில் வலப்பக்கம் திரும்பும். வண்டியோ இடப்பக்கத்தினின்று வரும். இளமைமுதற் படிந்த பழக்கம் ஒரு பகலில் மாறாது. ஆகவே ஒவ்வொரு முறையும் நின்று, இடப்பக்கம் நோக்கி, பின்னர் இருபுறமும் நோக்கிக் கடத்தல் வேண்டும்.

தீவைச் சுற்றிப் பார்க்க ஸ்கூட்டரை வாடகைக்கு அமர்த்துவோர் பலர். வண்டியோட்டிப் பழகாதார் அதனை முற்றும் தவிர்த்தலே தக்கது. நம் நாட்டில் ஓட்டிப் பழகினாரும், பக்கம் மாறிய சாலையில் தாம் புதியவரே என்பதை மறத்தலாகாது. ‘தோப்பே’ எனப்படும் வேகத்தடைகள் அந்நாட்டுச் சாலைகளில் மிகுதி. அவற்றுட் சில வண்ணமும் அறிவிப்புமின்றிக் கிடக்கும். கீழைக்கரைச் சாலையில் மணலும் பக்கக்காற்றும் சேர்ந்து வண்டியைச் சரிக்கும். தலைக்கவசம் இன்றேல் ஏறற்க. பிறர்க்கு நேரும் தீங்கிற்கு ஈடு செய்யும் காப்பீடு உண்டாவென்று எழுத்திற் பார்த்தறிக. வண்டியில் முன்னரே உள்ள கீறல்களைப் படம் பிடித்துக்கொள்க. திருப்பிக் கொடுக்குங்கால் எழும் வழக்குகட்கு அதுவே சான்றாகும்.

மூன்றாவது கடல். கோசுமெலின் மேலைக்கரையும் கீழைக்கரையும் ஒரே தீவினுடையவை என்று நம்புதற்கரியன. மேலைக்கரை அமைதியாகத் தோன்றும். பவளப்பாறைகளைக் காண முழுகுவோர் அங்குக் கூடுவர். அப்பாறைப் பகுதி 1996ஆம் ஆண்டில் தேசியக் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் தீவிற்கும் பெருநிலத்திற்கும் இடையே வடக்கு நோக்கி ஓடும் நீரோட்டம் வலிமை வாய்ந்தது. நீந்துவோர் தாம் இறங்கிய இடத்தைவிட்டு அறியாமலே நெடுந்தூரம் சென்றுவிடுவர். படகுகளும் அவ்வழியே ஓடும். ஆகவே காவலர் உள்ள இடத்தில், மிதவைக் கயிறு கட்டிய எல்லைக்குள் நீந்துதலே தக்கது.

கீழைக்கரையோ திறந்த கடலை நோக்கியது. அலைகள் உயர்ந்து மோதும். அடியில் இழுப்பு மிகும். வீடுகளும் காவலரும் அரியர். தனியே வந்தவர் அங்குக் கரையில் நின்று காண்பதோடு அமைதல் வேண்டும். கடற்கரையிற் கட்டிய கொடிகளின் பொருளையும் அறிதல் வேண்டும்: பச்சை தடையின்மையையும், மஞ்சள் எச்சரிக்கையையும், சிவப்பு அபாயத்தையும், கருப்பு இறங்கலாகாமையையும் காட்டும். எதிர்பாராது இழுப்பு நீரோட்டத்தில் அகப்பட்டவர், கரையை நோக்கி எதிர்த்து நீந்தி வலிமை இழத்தலாகாது. அவ்வோட்டம் குறுகியதாதலின், கரைக்கு ஒருபோகாகச் சிறிது தூரம் நீந்தினால் அதன் பிடி விட்டுப்போம். பின்னர்க் கரை சேர்தல் எளிது. தீவின் தென்கோடியிலுள்ள உவர்நீர்க் கழிகளில் முதலைகள் உண்டு. அங்கு நீரோரம் அணுகாதிருக்க.

நான்காவது பணம். மெக்சிகோவின் பேசோவும் அமெரிக்க டாலரும் ஒரே குறியால் எழுதப்படுவன. அக்குறி பேசோவினின்றே டாலருக்குச் சென்றது என்பர் ஆராய்ச்சியாளர். 2023 முதல் 2025 வரையில் ஒரு டாலர் 16க்கும் 21க்கும் இடைப்பட்ட பேசோவிற்கு மாறியது. எனவே 200 என்று எழுதிய பொருள் பேசோவாயின் சுமார் 10 டாலர். டாலராயின் அதனினும் இருபது மடங்கு. ‘பேசோஸ் ஓ தோலரெஸ்’, அஃதாவது பேசோவோ டாலரோ என்று முதற்கண் வினவுதல் வேண்டும். வாடகை மோட்டார்களில் கட்டணம் அளக்கும் கருவி இல்லை. இடத்திற்கிடம் வரையறுத்த கட்டணம் உண்டு. அது வண்டிக்கா ஆளுக்கா, எந்நாணயத்தில் என்பதை ஏறுமுன்னரே பேசி முடித்துக்கொள்க. கடன் அட்டையாற் செலுத்துங்கால், எந்நாணயத்திற் கணக்கிடுவதென்று கருவி கேட்கும். பேசோவைத் தெரிந்துகொள்வதே சிக்கனம். ரொக்கம் எடுப்பதற்கு வங்கியினுள் அமைந்த இயந்திரமே ஏற்றது. ஒரு நாட்செலவிற்கு வேண்டிய பணமும் ஓர் அட்டையும் மட்டும் கொண்டு செல்க. நகைகள் கப்பலிலேயே இருக்கட்டும்.

உணவையும் உடல்நலத்தையும் பற்றிச் சில கூறுவாம். குழாய்நீரைப் பருகற்க, முத்திரை உடையாத புட்டிநீரே நன்று. நண்பகல் வெயிலில் இடிபாடுகளைக் காணச் செல்வோர் தலைக்குத் தொப்பியும் கொசுவிற்கு மருந்தும் கொள்ளல் வேண்டும். அறியாதார் ஊற்றிக் கையிற்றரும் பானத்தைப் பெண்டிராயினும் ஆடவராயினும் ஏற்கலாகாது. வைத்துச் சென்ற குவளையை மீண்டும் எடுத்துப் பருகலுமாகாது. மருந்துகளை இங்கிருந்தே எடுத்துச் செல்க. மெக்சிகோ மருந்துக் கடைகள் சிலவற்றில் நச்சுப்பொருள் கலந்த போலி மாத்திரைகள் விற்கப்படுவது குறித்து 2023ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு தன் குடிகளை எச்சரித்தது.

இனி, தம்மைத் தேடுவாரைத் தாமே அமைத்துக்கொள்ளும் வகை யாது? இறங்குமுன் ஒரு தாளில் மூன்று செய்திகளை எழுதுக: செல்லும் இடங்கள், திரும்பும் நேரம், வாராவிடின் எப்பொழுது தேடத் தொடங்கவேண்டும் என்பது. அதனைக் கப்பலில் உடனுண்ணும் ஒருவரிடம் தருக. தொலைவிலுள்ள உறவினர்க்கும் செய்தியாக விடுக்க. திட்டம் மாறினால் அதனையும் அறிவிக்க. பாஸ்போர்ட்டு, அமெரிக்க விசா ஆகியவற்றின் படிகள் ஒன்றைப் பையிலும், ஒன்றைக் கைப்பேசியிலும் வைத்துக்கொள்க. கப்பலில் நாள்தோறும் தரும் நிகழ்ச்சித்தாளில் துறை முகவரின் தொலைபேசி எண் அச்சிட்டிருக்கும். அப்பகுதியை மறவாது எடுத்துச் செல்க. மெக்சிகோ முழுவதற்கும் அவசர உதவி எண் 911 ஆகும்.

இவ்வளவு செய்தும் கப்பல் சென்றுவிடின் கலங்கற்க. துறைமேடைக்கே சென்று அம்முகவரைக் காண்க. வாராதார் அறையினின்று பாஸ்போர்ட்டை எடுத்து அவரிடம் ஒப்படைத்துச் செல்லும் வழக்கம் கப்பல்கள் பலவற்றில் உண்டு. எனினும் அது நிச்சயமன்று. அடுத்த துறைக்குச் செல்லும் செலவு பிரயாணியையே சாரும். நம் நாட்டுத் தூதரகம் மெக்சிகோ நகரில், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. பையிலுள்ள படிகளின் அருமை அப்பொழுதுதான் விளங்கும்.

மேற்கூறியவற்றை நோக்கின், இவற்றுள் ஒன்றேனும் பெருஞ்செலவோ பேராற்றலோ வேண்டுவதன்று என்பது புலனாம். ஒரு கைக்கடிகாரம், ஒரு தாள், சாலையோரத்தில் ஒருகணம் நிற்றல், விலை கேட்கும் ஒரு சொல் ஆகிய இவையே அரணாவன. இவ்வரணைக் கொண்டவர் அச்சத்தை நீக்கி, சான் மிகெலின் சதுக்கத்தில் அமர்ந்து அவ்வூர் மக்களை நோக்கலாம். கடற்கரைச் சாலையிலுள்ள அருங்காட்சியகத்தில் தீவின் வரலாற்றைக் கற்கலாம். சான் ஹெர்வாசியோவின் கல்வழியில் பண்டை யாத்திரிகர் நடந்தவாறு நடக்கலாம். வழிமறித்து விற்க முயல்வாரையும் சினவாது, ‘நோ, கிராசியாஸ்’, வேண்டா, நன்றி, என்று முறுவலுடன் கூறி அப்பாற் செல்லலாம். அவர்களும் தம் குடும்பத்தின் உணவிற்கே உழைக்கின்றனர். கரையிறங்க அஞ்சுவோரும் அஞ்சாதோரும் இவ்வழியை மேற்கொண்டு, கண்டு மகிழ்ந்து, குறித்த நேரத்திற் கப்பலேறி நலமே மீள்வாராக.