எரிமலை காணச் செல்வோர் அறிய வேண்டியவை



ஈப்போவைச் சுற்றியுள்ள குன்றுகளைக் காட்டி, "இவையும் ஒரு காலத்தில் எரிமலைகளா?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. இல்லை, அவை சுண்ணாம்புக் குன்றுகள். ஆயினும் நம் பேராக்கிற்கும் எரிமலைக்கும் ஓர் உறவு உண்டு. லெங்கோங் பள்ளத்தாக்கில், கோத்தா தம்பான் மண்ணில் படிந்துள்ள சாம்பல், ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்திராவின் தோபா எரிமலை கக்கியதாகும். அது மலாக்கா நீரிணையைத் தாண்டி இங்கு வந்து விழுந்தது.

தோட்டத்தில் பால்வெட்டிய காலத்தில் அக்கரைப் பயணத்தை நாம் நினைத்தும் பார்த்ததில்லை. இன்று நம் பிள்ளைகள் சுமத்திராவுக்குச் சுற்றுலா செல்கிறார்கள். எரிமலை ஏறவும் ஆசைப்படுகிறார்கள். ஆசை தவறன்று. ஆனால், அமைதியாகத் தெரியும் மலையை நம்பிவிடுவது தவறு.

மேடானுக்குத் தெற்கே உள்ள சினாபோங் எரிமலை சுமார் நானூறு ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, 2010-இல் விழித்தது. 2014 பிப்ரவரி 1-ஆம் நாள், தடை செய்யப்பட்ட பகுதிக்குள் இருந்தவர்களைச் சுடுசாம்பல் மேகம் சூழ்ந்தது. குறைந்தது 16 பேர் மாண்டனர். அவர்களில் மாணவர்களும் இருந்தனர். மேற்கு சுமத்திராவின் மராப்பி மலை 2023 டிசம்பர் 3-ஆம் நாள் வெடித்தபோது 75 பேர் மலைமீது இருந்தனர். 24 பேர் உயிரிழந்தனர். மலைவாயிலிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் செல்லலாகாது என்ற எச்சரிக்கை அதற்கு முன்பே இருந்தது.

தீக்குழம்பு பெரும்பாலும் மெதுவாகவே ஊர்ந்து வரும். சுடுசாம்பல் மேகமோ மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாயும். அதை ஓடித் தப்ப இயலாது. ஆகவே எல்லைக்கு வெளியே நிற்பதே காப்பு.

இந்தோனேசிய அரசு எரிமலைகளின் நிலையை நான்கு படிகளாக அறிவிக்கிறது: நார்மல், வாஸ்பாடா, சியாகா, அவாஸ். நம் சாலைப் பலகைகளில் காணும் அதே 'அவாஸ்' தான் இறுதிப் படி. புறப்படும் நாளன்று அந்த அறிவிப்பைக் கேட்டறிய வேண்டும். "நேற்றுகூடப் போய் வந்தோம், ஒன்றும் ஆகவில்லை" என்று யார் சொன்னாலும் எல்லையைத் தாண்டக் கூடாது.

இன்னும் சில செய்திகள். கஞ்சியின்மேல் ஆடை படிந்தாலும் உள்ளே கொதிப்பதுபோல, இறுகிய தீக்குழம்பின் அடியிலும் நெருப்பு இருக்கலாம். அதன்மேல் கால் வைக்காதீர்கள். நச்சு வாயு பள்ளங்களில் தேங்கும், அங்கே இறங்காதீர்கள். மழை பெய்தால் சாம்பலும் பாறையும் சேறாகி ஆற்று வழியே இறங்கும். 2024 மே மாதம் மராப்பியின் அடிவாரத்தில் அப்படி வந்த வெள்ளம் 60 பேருக்கும் மேல் பலி கொண்டது. ஆற்றோரம் தங்காதீர்கள். முகமூடி, கண்ணாடி, கனத்த காலணி, போதிய தண்ணீர் ஆகியவற்றை உடன் கொண்டு செல்லுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளை பயணப் பையைக் கட்டும்போது, "எந்த மலை? இன்று எந்தப் படி?" என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால், தெரிந்த பிறகு புறப்படட்டும்.