காபிக் குடுவையிலிருந்து கருந்துளை வரை… தெரியுமா?

உலகின் முதல் வெப்கேமரா எதைப் படம் பிடித்தது தெரியுமா? ராணுவ ரகசியத்தை அல்ல, பெரிய மனிதர் யாரையும் அல்ல. ஒரு காபிக் குடுவையை!

1991. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம், கம்ப்யூட்டர் ஆய்வுக்கூடம். ட்ரோஜன் ரூம் என்ற அறைக்கு வெளியே ஒரு காபி மெஷின். வேறு மாடிகளில் வேலை செய்யும் ஆராய்ச்சியாளர்கள் ஆசையோடு படியிறங்கி வருவார்கள்; வந்து பார்த்தால் குடுவை காலி. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த க்வென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசரும் பால் ஜார்டெட்ஸ்கியும் ஒரு கேமராவைக் குடுவைக்கு நேராகத் திருப்பி வைத்தார்கள். 128க்கு 128 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம், நிமிடத்துக்கு மூன்று முறை போலப் புதுப்பிக்கப்பட்டு, ஒவ்வொருவரின் திரை மூலையிலும் வந்து நின்றது. இனி வீணாகப் படியிறங்க வேண்டாம்! 1993இல் அவர்களுடைய சகாக்கள் இதை வெப்பில் இணைத்துவிட, கேம்பிரிட்ஜை வரைபடத்தில்கூடப் பார்க்காதவர்கள் எல்லாம் அந்தக் குடுவையை எட்டிப் பார்த்தார்கள். 2001 ஆகஸ்ட் 22 அன்று கேமரா அணைக்கப்பட்டது. குடுவை? ஈபே ஏலத்தில் 3,350 பவுண்டுக்குப் போனது. வாங்கியது ஜெர்மனியின் டெர் ஷ்பீகல் பத்திரிகையின் இணையப் பிரிவு!

இதற்கும் முன்னோடி உண்டு. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1980களின் தொடக்கத்திலேயே கோக் மெஷினைக் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டார்கள். பாட்டில் இருக்கிறதா, ஜில்லென்று ஆகிவிட்டதா என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். அதே பல்கலைக்கழகத்தில் பேச்சைப் புரிந்துகொள்ளும் கம்ப்யூட்டருக்காகப் பல ஆண்டுகள் உழைத்து, 1994இல் டூரிங் விருது பெற்றவர் ராஜ் ரெட்டி. ஆசிய வம்சாவளியினரில் இந்த விருதை முதலில் வாங்கியவர். அவர் படித்தது எங்கே தெரியுமா? நம் கிண்டி பொறியியல் கல்லூரியில். அதுவும் சிவில் இன்ஜினீயரிங்!

இணையத்தின் விதிகளை எழுதத் தொடங்கியவர்கள் யார் தெரியுமா? இன்னும் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். 1969இல் நான்கு ஆய்வு மையங்களின் கம்ப்யூட்டர்களை இணைக்கும், இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேச வேண்டும் என்ற பொறுப்பு முதுநிலை மாணவர்கள் தலையில் விழுந்தது. பெரியவர்கள் யாராவது வந்து, 'யாரைக் கேட்டு எழுதினீர்கள்?' என்று கோபிப்பார்களோ என்று அவர்களுக்கு உள்ளூர பயம். அதனால் அவர்களில் ஒருவரான ஸ்டீவ் க்ராக்கர் தம் குறிப்புக்கு ஆணை, சட்டம் என்றெல்லாம் பெயர் வைக்கவில்லை. 'கருத்துச் சொல்லுங்கள்' (ரெக்வெஸ்ட் ஃபார் காமென்ட்ஸ், சுருக்கமாக ஆர்.எஃப்.சி.) என்று பணிவாக ஒரு தலைப்பை வைத்தார். அதை எழுதிய இடம் எது தெரியுமா? குளியலறை! தங்கியிருந்த வீட்டில் மற்றவர்கள் தூக்கம் கெடக்கூடாதே என்று ராத்திரி அங்கே உட்கார்ந்து எழுதினார். 1969 ஏப்ரல் 7 தேதியிட்ட அந்தக் குறிப்புதான் ஆர்.எஃப்.சி. 1. அதே வரிசை இன்று 9,000 எண்ணைத் தாண்டிவிட்டது. இணையத்தின் அடிப்படை விதிகள் இன்றும் இந்தப் பெயரில்தான் வெளியாகின்றன, யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

அதே 1969, அக்டோபர் 29, இரவு பத்தரை மணி. லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர் சார்லி க்ளைன், நூற்றுக்கணக்கான மைல் தள்ளி ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பில் டுவாலின் கம்ப்யூட்டருக்குள் நுழைய 'லாகின்' என்று ஆங்கிலத்தில் தட்டத் தொடங்கினார். எல் போனது. ஓ போனது. ஜி அடித்ததும் எதிர்முனைக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது! இணையத்தின் முதல் செய்தி இரண்டே எழுத்து. சுமார் ஒரு மணி நேரத்தில் கோளாறைச் சரிசெய்து, அன்றிரவே முழுதாக உள்ளே நுழைந்தும் விட்டார்கள்.

வெப்பின் கதை அதைவிட அழகு. 1989 மார்ச்சில் ஜெனிவா அருகே செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ ஒரு திட்ட அறிக்கை கொடுத்தார். மேலதிகாரி மைக் செண்டால் அதன் மேல் எழுதியது: 'தெளிவாக இல்லை, ஆனால் ஆவலைத் தூண்டுகிறது.' நிராகரித்திருக்கலாம், அவர் விட்டுக்கொடுத்து வழிவிட்டார். உலகின் முதல் வெப் சர்வர் நெக்ஸ்ட் நிறுவனத்தின் கறுப்புக் கம்ப்யூட்டர். அதில் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டில், இது சர்வர், அணைக்காதீர்கள் என்று சிவப்பு மையில் கையால் எழுதியிருந்தது. துப்புரவுக்கு வந்த ஒருவர் சுவிட்சைத் தட்டியிருந்தால் மொத்த வெப்பும் இருண்டிருக்கும்! 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் இதை உலகத்துக்கே எழுதிக்கொடுத்துவிட்டது. உரிமத் தொகை ஒரு காசுகூட இல்லை. என்னைக் கேட்டால், அறிவியல் உலகம் கையெழுத்துப் போட்ட காகிதங்களில் இதைவிடப் பெரிய கொடை கிடையாது.

கொடுக்காமல் பூட்டி வைத்தால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு கதை இருக்கிறது. நீங்கள் ஆன்லைனில் பணம் அனுப்பும்போது காவல் காக்கும் முறைகளில் புகழ்பெற்றது ஆர்.எஸ்.ஏ. எம்.ஐ.டி.யில் ரிவெஸ்ட், ஷமீர், ஆடல்மன் மூவரும் கூடிச் செய்தது. முதல் இருவரும் புதுப்புது வழி சொல்வார்கள். ஆடல்மன் ஓட்டை கண்டுபிடிப்பார். மாதக்கணக்கில் இதே வேலை. 1977 ஏப்ரலில் யூதர்களின் பஸ்கா விருந்து முடிந்து வீடு திரும்பிய ரிவெஸ்ட் சோபாவில் சாய்ந்தபடி யோசித்தார். அன்றிரவே வழி பிடிபட்டது. கட்டுரையில் தம் பெயர் வேண்டாம் என்றே ஆடல்மன் முதலில் மறுத்தாராம். பிறகு கடைசியில் போடச் சொன்னார். ஆனால் இதே கணக்கை பிரிட்டிஷ் உளவு அமைப்பான ஜி.சி.எச்.க்யூ.வில் கிளிஃபர்ட் காக்ஸ் என்ற இளைஞர் 1973லேயே போட்டு முடித்திருந்தார்! ரகசியம் என்று பூட்டிவிட்டார்கள். 1997 வரை அவரால் வாய் திறக்க முடியவில்லை. அவர் பெயர் அந்த மூன்றெழுத்தில் இல்லை.

எம்.ஐ.டி. மூவர் செய்தது நேர் எதிர். உலகத்தையே சவாலுக்கு அழைத்தார்கள். 1977 ஆகஸ்ட் மாத சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் மார்ட்டின் கார்ட்னர் தம் பகுதியில் 129 இலக்க எண் ஒன்றை வெளியிட்டார். அதை இரண்டு பகா எண்களாக உடைத்தால் ஒளித்து வைத்த வாக்கியம் தெரியும். பரிசு 100 டாலர். உடைக்க எவ்வளவு காலம் ஆகும் என்று கணித்தார்கள் தெரியுமா? நாற்பதாயிரம் லட்சம் கோடி ஆண்டுகள்! பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான்.

உடைந்தது 1994 ஏப்ரலில். பதினேழே ஆண்டுகளில்!

எப்படி? சூப்பர் கம்ப்யூட்டர் ஒன்று தனியாகச் செய்யவில்லை. இணையத்தில் அழைப்பு விடுத்தார்கள். சுமார் 600 தன்னார்வலர்கள், 1,600 கம்ப்யூட்டர்கள், எட்டு மாதம். அலுவலகம் முடிந்து சும்மா கிடந்த கம்ப்யூட்டர்கள் ராத்திரியில் கணக்குப் போட்டன. கிடைத்த துண்டு விடைகள் மின்னஞ்சலில் வந்து குவிந்தன. கடைசிக் கட்டத்துக்கு மட்டும் ஒரு பெரிய கம்ப்யூட்டர் இரண்டு நாள் உழைத்தது. எண் 64 இலக்கமும் 65 இலக்கமுமாக இரண்டாகப் பிரிந்தது. உள்ளே இருந்த வாக்கியம்? 'மந்திரச் சொற்கள்: அருவருப்புப் படும், எலும்பை உடைத்துத் தின்னும் கழுகு' என்று சொல்லும் ஒரு வேடிக்கை வரி. 100 டாலரை யாரும் பங்கு போட்டுக்கொள்ளவில்லை. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பகா எண் என்றதும் கான்பூர் ஐ.ஐ.டி. ஞாபகத்துக்கு வர வேண்டும். ஓர் எண் பகா எண்தானா என்று நிச்சயமாகவும் வேகமாகவும் சொல்லும் வழியை உலகமே தேடிக்கொண்டிருந்தது. 2002 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. அங்கே பேராசிரியராக இருந்த மணீந்திர அகர்வாலும் அப்போதுதான் பி.டெக். முடித்திருந்த நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் ஒன்பது பக்கக் கட்டுரையை பதினைந்து நிபுணர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பினார்கள். திங்கட்கிழமை அமெரிக்காவில் கணித நிபுணர் கார்ல் பாமரன்ஸ் படித்தார், சரி என்று கண்டார், அன்று பிற்பகலே அவசரக் கருத்தரங்கம் கூட்டிவிட்டார்! வியாழக்கிழமை நியூயார்க் டைம்ஸில் செய்தி. நான்கே நாள்! 2006இல் கோடல் பரிசும் வந்து சேர்ந்தது.

உங்கள் செல்போன் மேப் வழி காட்டுகிறதே, அந்தக் கணக்கின் மூலத்தை டச்சு கம்ப்யூட்டர் விஞ்ஞானி டைக்ஸ்ட்ரா 1956இல் ஆம்ஸ்டர்டாம் காபிக் கடை ஒன்றில், வருங்கால மனைவியோடு உட்கார்ந்து, காகிதம் பேனா இல்லாமல் இருபது நிமிடத்தில் யோசித்தார் தெரியுமா? இன்னொரு கம்ப்யூட்டர் விஞ்ஞானி டொனால்ட் க்னூத் தம் புத்தகத்தில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2008 வரை 2.56 டாலர் காசோலை அனுப்பிவந்தார். வாங்கியவர்களில் பலர் வங்கியில் போடாமல் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்கள்!

கருந்துளைப் படத்துக்கு வருவோம். 2017 ஏப்ரலில் எட்டு தொலைநோக்கிகள் சேர்ந்து வானத்தைப் பார்த்தன. சேர்ந்த தகவல் சுமார் 5,000 டெராபைட். இணையத்தில் அனுப்பி மாளாது. ஹார்ட் டிஸ்க்குகளை விமானத்தில் ஏற்றினார்கள்! தென்துருவத்து டிஸ்க்குகள் மட்டும் வரவில்லை. அங்கே கடுங்குளிர் காலம், விமானமே பறக்காது. மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பிறகு செய்ததுதான் என்னை மெய்சிலிர்க்க வைக்கிறது. படம் உருவாக்குவோரை நான்கு குழுவாகப் பிரித்து, ஒரு குழு மற்றக் குழுவோடு பேசவே கூடாது என்று கட்டளை! ஒருவர் எதிர்பார்ப்பு இன்னொருவரைத் தொற்றிவிடக் கூடாது அல்லவா? வாரங்கள் கழித்து நான்கு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். நான்கிலும் ஒரே வளையம், கீழ்ப்பக்கம் பிரகாசமாக! 5.5 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் எம்87 கருந்துளையின் படம் 2019 ஏப்ரல் 10 அன்று வெளியானது. உழைத்தவர்கள் 200க்கும் மேல்.

இன்னும் ஒன்று, நம் வீட்டுக் கதை. 1998 பொங்கல் நாள். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம், தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாக ஏற்றும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். கம்ப்யூட்டரில் தமிழைத் தட்டவே ஆளுக்கொரு வழி இருந்த காலம் அது. தாமே உருவாக்கிய மயிலை எழுத்துருவை அவர் ஏற்கெனவே இலவசமாகக் கொடுத்திருந்தார். யாரோ ஒருவர் ஏதோ ஒரு நாட்டில் ராத்திரி உட்கார்ந்து சங்கப் பாடலைத் தட்டச்சு செய்வார். இன்னொரு நாட்டில் முகம் தெரியாத ஒருவர் ஒற்றெழுத்து விட்டுப்போனதா என்று மெய்ப்புப் பார்ப்பார். ஊதியம் கிடையாது. முன்பு பழைய முறையில் ஏற்றியவற்றை யூனிகோடு வந்ததும் அதற்கும் மாற்றினார்கள். திருக்குறளா, சிலப்பதிகாரமா, பாரதியா? எல்லாம் இன்றும் அங்கே இருக்கின்றன. செல்போனிலேயே இறக்கிக்கொள்ளலாம், ஒரு பைசா கட்டணம் இல்லை.