கத்திரி வெயிலில் பனிக்கால பூட்ஸ்!

குட்டீஸ்... உங்கள் வீட்டு பீரோவை ஒரு முறை திறந்து பாருங்கள். கடையில் பார்த்ததும், 'இதேதான் வேணும்' என்று அடம்பிடித்து வாங்கிய ஒரு சட்டையோ, ஷூவோ கட்டாயம் அடித்தட்டில் இருக்கும். டி.வி.யில் யாரோ போட்டிருந்தார்கள். பார்க்க ஜோராக இருந்தது. வாங்கி வந்து ஒரே ஒரு பிறந்த நாளுக்குப் போட்டீர்கள். அப்புறம்? ஸ்கூலுக்குப் போட முடியாது. மளிகைக் கடைக்குப் போட்டுக்கொண்டு போனால் எதிர்வீட்டு அண்ணன் கிண்டல் செய்வான். வெயிலோ கொளுத்துகிறது. அப்படியே உள்ளே போய்விட்டது. அதற்குள் நீங்கள் வளர்ந்தும் விட்டீர்கள்!

இந்த மாதிரி 'ஃபேஷன்' சாமான்களைத் தினமும் போடுகிற உடையாக மாற்றுவது எப்படி? இதைத் தெரிந்துகொள்ள பாரிசுக்குப் போக வேண்டாம். ஆம்பூருக்குப் போனால் போதும்.

'பிரியாணி ஊருக்கா?' என்று கேட்காதீர்கள். பிரியாணியும் உண்டு, தொட்டுக்கொள்ள கத்தரிக்காயும் உண்டு. அதைவிடப் பெரிய சங்கதி ஒன்றும் அங்கே இருக்கிறது.

வெளியே அனல், உள்ளே குளிர்கால ஷூ

சென்னையிலிருந்து பெங்களூரு போகும் நெடுஞ்சாலையில், பாலாற்றங்கரையில் இருக்கிறது ஆம்பூர். 2019 வரை வேலூர் மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி... இந்த ஊர்கள் எல்லாமே தோலுக்குப் பேர் போனவை. இங்கே தைக்கும் ஷூக்கள் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் இங்கிலாந்துக்கும் கப்பல் ஏறுகின்றன.

காலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். உள்ளே பெரும்பாலும் அக்காக்களும் அத்தைகளும்தான். ஷூவின் மேல்பகுதியைத் தைப்பது இவர்கள் கைவேலை. பிறகு, பாதம் மாதிரியே இருக்கும் ஓர் அச்சின் மேல் அதை இழுத்து மாட்டுவார்கள். இந்த அச்சுக்கு 'லாஸ்ட்' என்று பெயர். முன்பு மரத்தில் செய்தார்கள்; இப்போது பிளாஸ்டிக். அதன் மேலேயே அடிப்பாகத்தை ஒட்டி, அச்சை உருவிவிட்டால் ஷூ ரெடி.

இதில் ஒரு வேடிக்கை. ஐரோப்பாவில் செப்டம்பரிலேயே குளிர்கால பூட்ஸ்கள் கடைக்கு வந்துவிட வேண்டும். அப்படியென்றால் அவற்றை எப்போது தைப்பார்கள்? நம் ஊர்க் கோடைக்காலத்தில்! வெளியே 40 டிகிரியைத் தாண்டி கத்திரி வெயில் அடிக்கும். உள்ளே கணுக்காலுக்கு மேலே கம்பளி வைத்த பூட்ஸ் தயாராகிக்கொண்டிருக்கும். நிறமும் அப்படித்தான். அடுத்த ஆண்டு என்ன நிறம் 'ஃபேஷன்' என்பதை ஓர் ஆண்டுக்கும் முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள்.

நம் உடைப் பிரச்னையும் இங்கேதான் தொடங்குகிறது. நாகரிகம் என்று வருகிற பல பொருள்கள், வேறு ஓர் ஊரின் வானிலைக்காகச் செய்தவை. தோல் ஜாக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மூடி இல்லாத விமானத்தை ஓட்டியவர்கள் மேலே போனால் குளிரில் விறைத்துப் போவார்கள். அதைத் தாங்குவதற்குத்தான், முதல் உலகப்போர் காலத்தில் கனமான தோல் கோட்டுகளைப் போட்டார்கள். வேலூர் பழைய பஸ் நிலையத்தில் நாம் எந்த விமானத்தை ஓட்டப் போகிறோம்?

எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. கடையில் மலிவாகக் கிடைத்தது என்று ஒரு பனிக்கால பூட்ஸை வாங்கி, வைகாசி மாதக் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போனேன். தாலி கட்டுவதற்குள் என் இரண்டு கால்களும் இட்லி மாதிரி வெந்துவிட்டன! பந்தியில் வெறுங்காலோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

லேபிளைப் படியுங்கள்

ஆம்பூர் நெடுஞ்சாலை ஓரத்தில் நிறைய ஷூ கடைகள் உண்டு. ஏற்றுமதிக்குச் செய்ததில் மிஞ்சியவை, சின்னக் குறையால் கழித்தவை சிலவற்றில் விலை குறைவாகக் கிடைக்கும். அப்பாவோடு போனால் சும்மா நிற்காதீர்கள். துப்பறிவாளர் மாதிரி வேலை செய்யுங்கள்.

ஐரோப்பாவுக்குப் போகும் ஷூவில் சின்னதாக ஒரு படச்சீட்டு இருக்கும். மேல்பகுதி, உள்பகுதி, அடிப்பகுதி மூன்றும் எதனால் ஆனவை என்று அதில் படம் போட்டிருப்பார்கள். ஆட்டுத் தோலையோ மாட்டுத் தோலையோ விரித்து வைத்தது போன்ற படம் என்றால், அசல் தோல். அதற்குள்ளேயே குட்டி வைர வடிவம் இருந்தால், மேலே பூச்சு பூசிய தோல். வலை மாதிரி கட்டம் இருந்தால் துணி. வெறும் வைர வடிவம் என்றால் ரெக்சின் போன்ற வேறு ஏதோ பொருள். உள்பகுதிக்கு எதிரே வெறும் வைரம் இருந்தால் நான் யோசிப்பேன். தோல் காற்றையும் வியர்வையையும் கொஞ்சம் வெளியே விடும்; ரெக்சின் விடாது. நம் வெயிலுக்கு மேல்பகுதியைவிட உள்பகுதிதான் முக்கியம்.

'36' என்று நம்பர் போட்டிருந்தால் பயந்துவிடாதீர்கள். அது ஐரோப்பியக் கணக்கு. நம் கடைகளில் சொல்லும் 3-ம் நம்பர் ஷூவுக்குப் பக்கத்தில் வரும். நம் கணக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. அதில் ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு பார்லி மணியின் நீளம்தான் அது!

நம்பரை மட்டும் நம்பி வாங்கவும் கூடாது. பாதம் மாலையில் கொஞ்சம் வீங்கியிருக்கும். அதனால் மாலையில் போட்டுப் பாருங்கள். நின்றுகொண்டு பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். 'இன்னும் மூன்று வருஷம் வரட்டும்' என்று அம்மா இரண்டு நம்பர் பெரிதாக வாங்குவார். வேண்டாம் என்று பணிவாகச் சொல்லுங்கள். தொளதொள ஷூவில் நடந்தால் குதிகால் உரிந்து கொப்புளம் வரும். அதற்கப்புறம் அந்த ஷூவைத் தொடவே மாட்டீர்கள்.

வகுப்பில் ஒருவர்தான் பேசலாம்

சரி, வாங்கியாகிவிட்டது. எதோடு சேர்த்துப் போடுவது?

உங்கள் வகுப்பில் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினால் டீச்சர் என்ன செய்வார்? உடையிலும் அதே சட்டம்தான். ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான் 'பேச' வேண்டும். ஷூ பளிச்சென்று செர்ரிச் சிவப்பா? அப்படியானால் சட்டையும் பேன்ட்டும் வாயை மூடிக்கொண்டிருக்கட்டும்: வெள்ளைச் சட்டை, கருநீல பேன்ட். பெண் பிள்ளைகள் வெளிர் நிற சுடிதாரோடு போடலாம். சட்டை கலர் கலராக இருந்தால், காலில் சாதாரணப் பழுப்பு நிறம் போதும். பெல்ட்டும் ஷூவும் ஒரே நிறத்தில் இருந்துவிட்டால், மற்றது சுமாராக இருந்தாலும் முழு உடையும் திட்டம் போட்டு உடுத்தியது போலத் தெரியும்.

கயிறு கட்டாமல் காலை நுழைத்துக்கொள்ளும் 'லோஃபர்' ஷூ நம் ஊருக்குச் சரிப்பட்டு வரும். நார்வே நாட்டுக் கிராமத்து ஆட்கள் போட்ட செருப்பு அது! 1930-களில் அமெரிக்காவுக்குப் போய் நாகரிகமாகிவிட்டது. மேலே இருக்கும் பட்டையின் சின்ன வெட்டில், அங்கே கல்லூரி மாணவர்கள் ஒரு சென்ட் காசைச் செருகிக்கொண்டு திரிந்தார்களாம். நம் வீட்டில் பத்து இடத்தில் செருப்பைக் கழற்றி மாட்டுகிறோமே... கோயில், பாட்டி வீடு, டியூஷன். கயிறு இல்லாத ஷூவுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் எது?

ஜாக்கெட் ஏற்கெனவே இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். மார்கழி அதிகாலைக்கும், ஏலகிரி மலைக்குச் சுற்றுலா போகும்போதும் எடுங்கள். உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை போட்டு, முன்பக்கம் ஜிப்பைத் திறந்து விடுங்கள். இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், ஜாக்கெட்டை விட்டுவிட்டு அதே தோலில் ஒரு பெல்ட்டோ, தோளில் மாட்டும் சின்னப் பையோ வாங்கச் சொல்லுங்கள். ஆண்டு முழுவதும் உபயோகப்படும்.

சாயம் போன சட்டையின் கதை

ஆம்பூருக்கும் வேலூருக்கும் பக்கத்திலேயே இருக்கிறது குடியாத்தம். கைலி நெய்யும் ஊர். அந்தக் கட்டம் போட்ட கைலித் துணி உங்களுக்குச் சாதாரணம், தாத்தா கட்டுவது. ஆனால், இதே குடும்பத்தைச் சேர்ந்த 'மெட்ராஸ் செக்' துணி ஒரு காலத்தில் அமெரிக்காவையே கலக்கியது.

1958-ம் ஆண்டு. வில்லியம் ஜேக்கப்சன் என்ற வியாபாரி அமெரிக்காவிலிருந்து மெட்ராசுக்கு வந்தார். சி.பி.கிருஷ்ணன் நாயர் என்பவரிடம் (பிற்பாடு லீலா ஓட்டல்களைத் தொடங்கியவர் இவர்தான்) கட்டம் போட்ட கைத்தறித் துணியைப் பார்த்து மயங்கிவிட்டார். விலை பேசி, பத்தாயிரம் கெஜம் நியூயார்க்கில் உள்ள 'புரூக்ஸ் பிரதர்ஸ்' கடைக்குப் போனது. 'தாவரச் சாயம், குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலசணும்' என்று நாயர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தத் தகவல் சட்டை வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. மெஷினில் போட்டார்கள். சாயம் ஓடிவிட்டது! வாங்கியவர்கள் கொதித்தார்கள், வழக்கு அது இது என்று வக்கீல்கள் கிளம்பினார்கள்.

பிறகு நடந்ததுதான் கெட்டிக்காரத்தனம். 'செவன்டீன்' என்ற பத்திரிகையில் இந்தத் துணியைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. ஒவ்வொரு சலவையிலும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து புதுச் சட்டை மாதிரி ஆகிவிடும் அதிசயத் துணி என்று அது புகழ்ந்தது. அவ்வளவுதான், சண்டை போட்ட கடைகளிலேயே கூட்டம் அலைமோதியது. 'சாயம் போகும் என்று உத்தரவாதம்' என்றே விளம்பரமும் செய்தார்கள். நாயர் பின்னாளில் இந்தக் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

கல்லூரி மாணவர்கள் அந்தச் சட்டையை எப்படிப் போட்டார்கள் தெரியுமா? கட்டம் போட்ட சட்டைக்குக் கீழே ஒரே நிறத்தில் வெறும் காக்கி பேன்ட், காலில் லோஃபர். ஒருவர்தான் பேசலாம் என்ற அதே சட்டம்! நீங்களும் செய்யலாம். புதுக் கைலித் துணியில் தெருமுனை டெய்லரிடம் அரைக்கைச் சட்டையோ, குர்தாவோ தைக்கச் சொல்லுங்கள். மீதித் துணியில் தலைக்கு ஒரு பேண்ட், டிபன் பாக்சுக்கு ஒரு பை. முதல் சலவையை மட்டும் தனியாகப் போடுங்கள். இல்லாவிட்டால் அப்பாவின் வெள்ளை வேட்டி 'மெட்ராஸ் செக்' ஆகிவிடும்!

பாலாற்றைக் கேளுங்கள்

'இவ்வளவு யோசிப்பானேன், போரடித்தால் வேறு வாங்கினால் ஆச்சு' என்று தோன்றுகிறதா? அப்படியென்றால் பாலாற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பச்சைத் தோல் அழுகிப் போகாமல் இருக்க அதைப் பதனிட வேண்டும். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையை ஊறவைத்துப் பதனிட்டார்கள். ஆவாரம்பட்டைத் தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துவிடும். அதற்குக் கடுக்காயைச் சேர்த்தார்கள். 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்று உலகம் முழுக்கப் பெயர் பெற்ற இந்தத் தோலுக்கு 2008-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பிற்பாடு குரோமியம் உப்பு வந்தது. வேலை சீக்கிரம் முடியும். தோலும் மிருதுவாக இருக்கும். ஆனால், கழிவு நீர் ஆற்றுக்கும் கிணற்றுக்கும் போனது.

இந்த ஊர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், தோல் தொழில் பகுதிகளில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழாகியிருக்கிறது என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. கெடுத்தவரே சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்றது நீதிமன்றம். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் உள்ளன. ஆனாலும் பிரச்னை தீர்ந்தபாடில்லை. 2025 ஜனவரி 30 அன்று, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும், பாலாற்றை மீட்க வேண்டும் என்று அதே உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது.

ஷூ தைக்கும் அத்தைக்கு வேலை வேண்டும். அதே ஊரில் கிணற்றுத் தண்ணீரும் வேண்டும். பெரியவர்களே இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கும் கணக்கு இது. ஒரு ஜோடி ஷூவுக்குப் பின்னால் இவ்வளவு தண்ணீர் போயிருக்கிறது என்று தெரிந்தபின், அதை ஒரே ஒரு பிறந்த நாளோடு பீரோவில் போட எனக்கு மனசு வரவில்லை.

அதனால் கொஞ்சம் கவனிப்பு. ஒரே ஷூவைத் தினமும் போடாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்கள். உள்ளே இருக்கும் வியர்வை உலர நேரம் வேண்டும். பருத்தி சாக்ஸ் போடுங்கள். வாரம் ஒரு முறை தூசியைத் துடைத்துவிட்டு பாலீஷ். உங்களுக்குச் சின்னதாகிவிட்டால் தம்பிக்கோ, பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கோ கொடுத்துவிடுங்கள்.

மழையில் நனைந்துவிட்டதா? வெயிலில் காய வைக்காதீர்கள், அடுப்புப் பக்கமும் கொண்டு போகாதீர்கள், தோல் வெடித்துவிடும். பழைய பேப்பரைக் கசக்கி ஷூவுக்குள் திணித்து, நிழலில் காற்றாட வையுங்கள். பேப்பர் ஈரமானதும் வேறு மாற்றுங்கள். அதற்கு இந்தப் பக்கத்தைக்கூட எடுத்துக்கொள்ளலாம்... தங்கச்சி படித்து முடித்துவிட்டாளா என்று கேட்டுவிட்டு!